விடைத்த காதுகள்: திருத்தம் யாருக்காக, எப்போது?

தலையின் பக்கவாட்டோடு ஒட்டி அமையாமல் வெளிப்புறமாக விரிந்து நிற்கும் காதுகளை மருத்துவம் நோய் என்று வகைப்படுத்துவதில்லை. அத்தகைய காதுகளால் கேட்கும் திறன் குறைவதில்லை. வலியோ சீழோ தோன்றுவதும் இல்லை. ஆயினும் ஒட்டறுவை மருத்துவர்களிடமும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடமும் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் முன்வைக்கும் அழகு சார்ந்த கோரிக்கைகளில், விடைத்த காதைத் திருத்தித் தரவேண்டும் என்பது மிகப் பழையதும் இன்றுவரை குறையாததுமாகும். ஐரோப்பிய வம்சாவளி மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இத்தகைய காது இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உடலுக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஓர் உறுப்பைக் கத்திக்கு உட்படுத்துவதற்கான காரணம் பிறருடைய பார்வையிலும், அந்தப் பார்வை பிள்ளையின் மனத்தில் விட்டுச்செல்லும் காயத்திலும் இருப்பதால், ஓட்டோபிளாஸ்டி எனப்படும் இந்த அறுவை சிகிச்சையில் நுட்பத்தைக் காட்டிலும் கடினமானவை இரண்டு கேள்விகள்: எந்த வயதில் திருத்துவது, எவருடைய விருப்பத்தின் பேரில் திருத்துவது. முதல் கேள்விக்கு மருத்துவ அறிவியலிடம் உள்ள மிகச் சிறந்த விடை பெரும்பாலான பெற்றோருக்கு உரிய நேரத்தில் சென்று சேர்வதில்லை என்பதும், இரண்டாவது கேள்வி பல குடும்பங்களில் கேட்கப்படுவதே இல்லை என்பதும் கவலைக்குரியவை.

காது மடல் என்பது இருபுறமும் தோலால் போர்த்தப்பட்ட மெல்லிய குருத்தெலும்புத் தகடு. எலும்பின் விறைப்பு இல்லாமல், வளைத்து விட்டால் பழைய நிலைக்கே மீளும் நெகிழ்திறன் கொண்டது. அதன் சுற்றோரமாகச் சுருண்டு ஓடுவது வெளிவிளிம்பு. அதற்கு இணையாக உட்புறத்தில் எழுந்து நிற்கும் மேடு உள்மடிப்பு. காதுத் துளையைச் சூழ்ந்துள்ள ஆழமான பள்ளம் காதுக் கிண்ணம். தோடு அணியும் மென்மையான கீழ்ப்பகுதி, குருத்தெலும்பே இல்லாத சோணை. கரு ஆறு வார வளர்ச்சியை எட்டும்போது, கழுத்துப் பகுதியில் தோன்றும் முதல் இரண்டு தொண்டை வளைவுகளில் ஆறு சிறு புடைப்புகள் எழுந்து, ஒன்றோடொன்று இணைந்து காது மடலாக உருப்பெறுகின்றன. அதன் பின்னரே தட்டையான அந்தத் தகடு மெல்ல மடிந்து தன் மேடுபள்ளங்களைப் பெறுகிறது. உள்மடிப்பு சரியாக மடியாமல் போனால், காதின் மேற்பாதி விரித்து வைத்த முறம் போல முன்னோக்கித் திரும்பி நிற்கிறது. காதுக் கிண்ணம் அளவுக்கு மீறி ஆழமாக வளர்ந்தால், காது முழுவதுமே தலையிலிருந்து தள்ளப்பட்டு விலகுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தே காணப்படுவது மிகுதி. சிலருக்குச் சோணை மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். காதின் வெளிவிளிம்புக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி வழக்கமாக 1.5 முதல் 2 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதைத் தாண்டும்போது காது விடைத்ததாகக் கண்ணுக்குப் படுகிறது. குடும்ப வழியாக வரும் இயல்பும் இதற்கு உண்டு என்பதால், மகனின் காதைத் திருத்த வேண்டும் என்று அழைத்துவரும் தந்தையின் காதுகளும் அதே அமைப்பில் இருப்பதை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர்.

காதைச் சீரமைக்கும் கலை இந்தியாவுக்குப் புதியது அன்று. கனமான அணிகளால் கிழிந்த சோணையை ஒட்டவைக்கும் பதினைந்து முறைகளைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. ஆனால் கிழியாத, குறையற்ற, வெறுமனே விரிந்து நிற்கும் காதைத் தோற்றத்தின் பொருட்டுத் திருத்திய முதல் அறுவையாக மருத்துவ வரலாறு குறிப்பிடுவது, அமெரிக்க மருத்துவரான எட்வர்ட் டால்பட் ஈலி 1881இல் வெளியிட்ட குறிப்பையே. நியூயார்க்கின் மன்ஹாட்டன் கண் மற்றும் காது மருத்துவமனையில் அவர் சிகிச்சை செய்த சிறுவனுக்கு வயது 12. தோழர்களின் கேலியே அச்சிறுவன் அறுவைக்கு வந்த காரணம். காதின் பின்புறத் தோலையும் குருத்தெலும்பின் ஒரு கீற்றையும் வெட்டியெடுத்து, இரு காதுகளையும் ஒரே நாளில் தொடாமல் வெவ்வேறு சமயங்களில் அவர் திருத்தினார். பிறருடைய பரிகாசம் ஒரு மருத்துவ அறுவைக்குப் போதுமான நியாயமாகப் பதிவானது அந்தக் குறிப்பில்தான் என்பதால், நுட்பம் முழுவதும் மாறிவிட்ட இன்றும் அது தன் முக்கியத்துவத்தை இழக்கவில்லை.

அக்காலத்தின் பரிகாசம் சிறுவர் கூட்டத்தோடு நிற்கவில்லை. ஈலியின் குறிப்புக்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1876இல், இத்தாலிய மருத்துவர் செசாரே லோம்புரோசோ குற்றவாளியைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். குற்றம் செய்பவர்கள் பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவர்கள் என்றும், அவர்களை உடற்குறிகளால் கண்டறியலாம் என்றும் வாதிட்ட அவர், அக்குறிகளுள் ஒன்றாகப் பெரிதாக விரிந்து நிற்கும் காதுகளையும் சேர்த்தார். ஒரு பிள்ளையின் காது வளைந்திருந்த விதத்திலிருந்து அதன் ஒழுக்கத்தைக் கணிக்க முனைந்த இந்தக் கொள்கை, அறிவியலின் பெயரால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்லாண்டுகள் மதிக்கப்பட்டது. ஆங்கிலேயச் சிறை மருத்துவரான சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து பிறரோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனியான உடலமைப்பு ஏதும் இல்லை என்று 1913இல் நிறுவிய பிறகே அதன் அடித்தளம் ஆட்டங்கண்டது. கொள்கை வீழ்ந்த பின்னும் அது விதைத்த எள்ளல் நெடுங்காலம் தங்கியிருந்தது; விடைத்த காது உள்ளவரை மந்தபுத்திக்காரராகவோ கோமாளியாகவோ வரையும் கேலிச்சித்திர மரபு அதற்குச் சான்று.

காதைப் பற்றிய அழகுணர்ச்சி நிலையானது அன்று என்பதைத் தமிழகமே தன் கண்ணெதிரில் கண்டிருக்கிறது. தென் மாவட்டங்களில் பாம்படமும் தண்டட்டியும் அணிவதற்காகச் சிறுவயதிலேயே சோணையைத் துளைத்து, ஆண்டுக்கணக்கில் எடையேற்றித் தோள்வரை வடித்துக்கொண்ட பெண்கள், அந்த நீளத்தைப் பெருமையாகக் கருதினர். ஓரிரு தலைமுறைகளுக்குள் அதே வடித்த காது பழமையின் அடையாளமாகிவிட்டதால், பலர் சோணையை அறுத்துத் தைத்துக்கொண்டு சிறிய கம்மலுக்கு மாறினர். தமக்கென்று எந்தத் தீங்கும் இல்லாத ஓர் உறுப்பைச் சுற்றியிருப்போரின் பார்வை மாறியதற்காக மாற்றிக்கொள்ள நேர்ந்தது, ஈலியிடம் வந்த சிறுவனுக்கும் அந்த மூதாட்டிகளுக்கும் பொதுவானது.

நுட்பத்தின் வரலாறு இதைவிட நேரானது. தோலை வெட்டியிழுப்பதால் மட்டும் காது அடங்கிவிடாது, தோல் நாளடைவில் இளகிக் காது மீண்டும் விரியும் என்பதை உணர்ந்து, குறை உள்மடிப்பின் இன்மையில் இருக்கிறது என்று சுட்டியவர் நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் லக்கெட், ஆண்டு 1910. அவர் குருத்தெலும்பை வெட்டி மடித்த இடத்தில் கத்தி முனை போன்ற கூர்விளிம்பு தெரிந்தது என்ற குறையைத் தீர்க்க அரை நூற்றாண்டு பிடித்தது. 1958இல் கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சனும் டேவிஸும், குருத்தெலும்பின் ஒரு முகத்தை மட்டும் கீறினால் அது கீறாத பக்கம் நோக்கித் தானாகவே வளைகிறது என்று காட்டினர். குருத்தெலும்பின் இரு மேற்பரப்புகளும் ஒன்றையொன்று இழுத்துச் சமநிலையில் வைத்திருப்பதும், ஒரு பக்கத்து இழுவிசையைக் கீறல் தளர்த்திவிடுவதும் இதன் காரணம். இந்த உண்மையைக் கொண்டு காதின் முன்முகத்தைக் கீறி மடிப்பை உருவாக்கும் முறையை ஸ்வீடனின் ஸ்டென்ஸ்ட்ரோமும் தாய்லாந்தைச் சேர்ந்த சோங்செட்டும் 1963இல் தனித்தனியே வெளியிட்டனர். அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் ஜாக் முஸ்டார்டே, குருத்தெலும்பை வெட்டாமல் பின்புறத்திலிருந்து கரையாத நூலால் தையலிட்டு உள்மடிப்பை வரவழைக்கும் முறையைத் தந்தார். ஆழமான காதுக் கிண்ணத்தைக் காதின் பின்னுள்ள எலும்புறையோடு சேர்த்துத் தைத்து உள்ளிழுக்கும் முறையை 1968இல் டேவிட் ஃபர்னாஸ் விவரித்தார். இன்று உலகெங்கும் செய்யப்படும் ஓட்டோபிளாஸ்டி பெரும்பாலும் இந்த மூன்று கருத்துகளின் சேர்க்கையே.

ஆனால் விடைத்த காதுகளில் ஒரு பகுதியை இந்தக் கத்தியும் தையலும் இன்றியே சரிசெய்துவிட முடியும் என்பதுதான் பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து குழந்தையின் இரத்தத்தில் கலக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர், குருத்தெலும்பில் நீரைப் பிடித்து வைக்கும் ஹயலூரோனிக் அமிலத்தின் அளவைக் கூட்டுவதால், பிறந்த குழந்தையின் காது மாவைப் போல இளக்கமாக இருக்கிறது. பிறந்து முதல் சில நாட்களில் உச்சத்தில் இருக்கும் இந்த ஈஸ்ட்ரோஜன் ஆறு வாரங்களுக்குள் வடிந்துவிட, குருத்தெலும்பும் இறுகத் தொடங்குகிறது. இந்தக் குறுகிய இடைவெளிக்குள் காதை விரும்பிய வடிவத்தில் மடித்து, மென்மையான அச்சுக் கம்பியையும் ஒட்டுப்பட்டையையும் கொண்டு இரவும் பகலும் பிடித்து வைத்தால், சில வாரங்களில் அந்த வடிவம் நிலைத்துவிடுகிறது. ஜப்பானிய மருத்துவர் மட்சுவோவும் அவருடைய குழுவினரும் 1984இல் இம்முறையை வெளியிட்டதிலிருந்து பல நாடுகளில் இது கையாளப்பட்டு வருகிறது. பின்னர் இதற்கென்றே ஆயத்த அச்சுக் கருவிகளும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. மயக்க மருந்து தேவையில்லை, தழும்பு இல்லை. தோல் சிவந்து புண்ணாகாமல் பார்த்துக்கொள்வதே முக்கியமான கவனம்.

தமிழ் வீடுகளில் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பாட்டிமார் மூக்கைப் பிடித்துவிடுவதும் காதை நீவிவிடுவதும் அன்பின்பாற்பட்ட வழக்கம். ஆயினும் நாளுக்குச் சில நிமிட நீவுதலால் குருத்தெலும்பின் வடிவம் மாறாது. ஓயாத மென்மையான பிடிப்பே அதை மாற்றும். அதேபோல, மூன்று வயதுப் பிள்ளையின் காதில் இரவுதோறும் பட்டை கட்டித் தூங்கவைப்பதும் பயன் தராது, ஏனெனில் அதற்குள் காலம் கடந்துவிட்டிருக்கும். பிறந்த குழந்தையைத் தலை முதல் பாதம் வரை பரிசோதிக்கும் குழந்தை மருத்துவர், காதுத் துளை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல் மடலின் மடிப்பையும் பார்த்து, தாயிடம் அன்றே சொல்லிவிடுவாரானால், பிற்காலத்து அறுவைகளில் கணிசமானவை தேவையற்றுப் போகும். இதற்குக் கருவியோ செலவோ பெரிதாக வேண்டியதில்லை. வேண்டியது பிரசவ அறையில் ஒரு நிமிடக் கவனம். பிறக்கும்போது மடங்கிக் கிடக்கும் காதுகளில் சில தாமாகவே நிமிர்ந்துகொள்வதும், இயல்பாகத் தெரிந்த காது சில மாதங்களில் விரிவதும் உண்டு என்பதால், முதல் தடுப்பூசிக்கு வரும்போது மீண்டும் ஒருமுறை பார்ப்பதும் நன்று. காது மடலே வளராமல் சிறுத்துப்போன குழந்தைகளின் நிலை இதிலிருந்து முற்றிலும் வேறானது. அவர்களுக்குக் கேட்கும் திறனைப் பரிசோதிப்பது முதல் வேலை.

அந்த வாரங்கள் கடந்துவிட்ட பிள்ளைகளுக்கு அறுவையே வழி. ஐந்து, ஆறு வயதுக்குள் காது தன் முழு வளர்ச்சியில் 85 முதல் 90 விழுக்காட்டை எட்டிவிடுவதால், அதன் பிறகு செய்யும் அறுவை வளர்ச்சியைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிப்பதில்லை. பள்ளியில் சேர்ந்து சக பிள்ளைகளின் கண்ணுக்குப் படும் வயதும் அதுவேயாதலால், பெரும்பாலான மருத்துவர்கள் இந்த வயதையே தொடக்கமாகக் கொள்கின்றனர். வயது தகுதியாவதால் மட்டும் பிள்ளை தகுதியாகிவிடுவதில்லை. தன் காதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் விளையாடித் திரியும் ஆறு வயதுப் பிள்ளையை, பின்னால் கேலி வரக்கூடும் என்ற அச்சத்தால் அறுவை மேசைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், இல்லாத குறையொன்றைத் தாங்களே அதன் மனத்தில் பதிக்கின்றனர். மாறாக, கண்ணாடி முன் நின்று காதைத் தலையோடு அழுத்திப் பார்க்கும் பிள்ளை, முடி வெட்டிக்கொள்ள மறுக்கும் பிள்ளை, யானைக் காது என்று அழைக்கப்பட்டதை அழுதுகொண்டே சொல்லும் பிள்ளை, தன் விருப்பத்தைத் தானே தெரிவித்துவிட்டது. அதனிடம் அழகு உள்ளத்தில் இருக்கிறது என்று உபதேசிப்பது அதன் துன்பத்தை மதிக்காத செயல். பிரிட்டனில் 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காது திருத்தப்பட்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருடைய மனநலம் ஓராண்டில் மேம்பட்டிருந்ததாகக் கண்டது. எஞ்சியவர்கள் அறுவைக்கு முன்பே நண்பர்களின்றித் தனித்திருந்தவர்கள் என்பதையும் அதே ஆய்வு சுட்டியது. பிள்ளையின் துயரத்துக்குக் காது மட்டுமே காரணமா என்று பொறுமையாகக் கேட்டறிவது அறுவை மருத்துவரின் கடமைகளில் ஒன்றாவது இதனால்தான். கேலி செய்யும் வகுப்பறையைத் திருத்தும் பொறுப்பிலிருந்து ஆசிரியர்களை எந்த அறுவையும் விடுவிப்பதில்லை; பட்டப்பெயர் சூட்டுவதில் சில சமயம் ஆசிரியரும் உறவினரும் முந்திக்கொள்வது நெஞ்சை வருத்தும் உண்மை.

அறுவையின் போக்கைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருந்தால் அச்சம் பெருமளவு தணியும். சிறு பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுக்கப்படுகிறது. வளர்ந்தவர்களுக்குக் காதைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டாலே போதும். காதின் பின்புறம், தலையோடு சேரும் மடிப்பில் தோலைத் திறந்து, அவரவர் குறைக்கேற்ப மடிப்பை உருவாக்கியோ கிண்ணத்தைக் குறைத்தோ தையலிட்டு மூடுகின்றனர். தழும்பு காதின் பின்னே மறைந்துவிடுகிறது. காதுத் துளையும் செவிப்பறையும் தொடப்படுவதில்லை என்பதால் கேட்கும் திறன் மாறுவதில்லை. தலையைச் சுற்றிய கட்டு ஒரு வாரம் வரை இருக்கும். பிறகு சில வாரங்கள் இரவில் மட்டும் தலைப்பட்டை அணிய வேண்டும், தூக்கத்தில் காது முன்னோக்கி மடங்கித் தையல் அறுந்துபோகாமல் இருப்பதற்காக. திருத்திய காது தலையோடு பசை போட்டு ஒட்டியதுபோல் இருக்கக் கூடாது. முன்னிருந்து பார்க்கும்போது உள்மடிப்புக்கு அப்பால் வெளிவிளிம்பு தெரிய வேண்டும் என்பதும், இரு காதுகளுக்கும் இடையிலான வேறுபாடு 3 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பதும் மருத்துவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட அளவுகோல்கள்.

சிக்கல்கள் அரிதாயினும் அறிய வேண்டியவை. அறுவை முடிந்த ஓரிரு நாட்களில் ஒரு பக்கக் காதில் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே இரத்தம் கட்டியிருக்கக்கூடும். தனக்கென்று இரத்தக் குழாய்கள் இல்லாத குருத்தெலும்பு, தன்மீது போர்த்தியுள்ள மெல்லிய சவ்விடமிருந்தே உணவு பெறுவதால், தேங்கிய இரத்தம் அந்தத் தொடர்பைத் துண்டித்துக் காதைச் சுருங்கச் செய்துவிடும். வலி மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருக்காமல் உடனே கட்டைப் பிரித்துப் பார்க்கவேண்டிய நிலை அது. குருத்தெலும்பில் கிருமி தொற்றுவது, உள்ளிருக்கும் நூல் பின்னாளில் தோலைத் துளைத்து வெளிவருவது, நடுப்பகுதி மட்டும் அளவுமீறி அடங்கி மேலும் கீழும் துருத்தி நிற்பது, காது ஓரளவு மீண்டும் விரிவது ஆகியவையும் நேரலாம். தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது கீலாய்ட், அதாவது தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிக் கட்டியாகத் தடித்து வளரும் இயல்பு. கருநிறத் தோலில் இது மிகுதி. காது குத்திய இடத்தில் தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ இத்தகைய தடிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

வயது வந்தவர்கள் இந்த அறுவைக்கு வருவது எவரும் எண்ணுவதைவிட மிகுதி. சிறுவயதில் வசதியின்றி இருந்தவர்கள், ஆண்டுக்கணக்கில் கூந்தலை இறக்கிக் கட்டியே பழகிய பெண்கள், தம் பிள்ளையை அழைத்து வந்து அதன்பின் தமக்கும் கேட்பவர்கள் எனப் பலர். இறுகிய குருத்தெலும்பு எளிதில் மடியாது என்பதால் அவர்களுக்குத் தையலோடு கீறலும் அடிக்கடி தேவைப்படுகிறது. ஆனால் முடிவு அவர்களுடையதே என்பதும், மரத்துப்போகும் ஊசியோடு செய்துகொண்டு அன்றே வீடு திரும்பலாம் என்பதும் பெரிய அனுகூலங்கள். கண்ணுக்கே தெரியாத சிறு வேறுபாட்டைப் பெருங்குறையாகக் கருதி நாள் முழுவதும் அதையே நினைத்திருப்பவர்களுக்கு மட்டும், எத்தனை அறுவை செய்தாலும் நிறைவு வராது. அவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்புவதே நேர்மை.

இந்தியாவில் மருத்துவக் காப்பீடுகள், விபத்து, தீக்காயம், புற்றுநோய் போன்றவற்றால் நேர்ந்த சிதைவைச் சீரமைப்பதைத் தவிர, அழகு சார்ந்த அறுவைகளை ஏற்பதில்லை என்பதால், விடைத்த காதின் செலவு குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையும் இதை வழக்கமாகச் செய்வதில்லை. கடுமையான மனத்துயரத்துக்கு ஆளான பிள்ளைகளுக்குச் சில இடங்களில் விதிவிலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் மெடிகேர் திட்டமோ 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உதவுகிறது. கேலியால் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையின் தேவையையும், விளம்பரம் பார்த்து வரும் ஒருவரின் ஆசையையும் ஒரே தட்டில் வைக்கும் இந்தியக் காப்பீட்டு விதி நியாயமானது அன்று. ஆஸ்திரேலியாவைப் போல வயது வரம்போடு கூடிய விலக்கை இங்கும் கேட்டுப் பெற இடமுண்டு. அதுவரை, ஒட்டறுவைத் துறை இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகிக் கேட்பது வசதியற்ற பெற்றோருக்கு உள்ள வழி. மருத்துவர் பேசும்போது பிள்ளை அறையில் இருக்க வேண்டும், கேள்விகள் அதனிடமும் கேட்கப்பட வேண்டும். அது வேண்டாம் என்று சொன்னால், நாள் குறிப்பதை ஒத்திவைப்பதால் இழப்பு ஏதும் இல்லை; பத்து வயதில் செய்யாத திருத்தத்தை இருபது வயதிலும் முப்பது வயதிலும் செய்துகொள்ள முடியும்.